பதின்மூன்றாம் அட்சக்கோட்டில் ஒரு பாடத்திட்டம்

குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பெங்களூரில் கணிசமாக இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், கடலூர் என்று பல மாவட்டங்களிலிருந்து வேலைக்காக வந்து, பகலில் மென்பொருள் நிறுவனங்களில் உழைத்துவிட்டு, இரவிலும் வார இறுதியிலும் புத்தகத்தைத் திறப்பவர்கள் அவர்கள். சிலர் விஜயநகரிலும் சந்திரா லேஅவுட்டிலும் உள்ள பயிற்சி மையங்களுக்குப் போகிறார்கள். அதற்கு நேரம் வாய்க்காத சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூரில் என் வீட்டு மொட்டை மாடிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இயற்கைப் புவியியலும் சுற்றுச்சூழலும் சொல்லித் தருவது பல ஆண்டுகளாக என் வழக்கம்.

புதிதாக வருகிறவர்களின் குறிப்பேட்டை முதலில் வாங்கிப் பார்ப்பேன். வளிமண்டல அடுக்குகள் ஒரு தாளில் இருக்கும், பாறை வகைகள் வேறொரு தாளில் இருக்கும், ராம்சார் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வரும் ஈரநிலங்களின் பட்டியல் கடைசியில் இருக்கும். எழுதியிருப்பதில் பெரும்பாலும் பிழை இருக்காது. ஆனால் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. முதல்நிலைத் தேர்வில் இரண்டு மூன்று கூற்றுகளைக் கொடுத்து எவை சரி என்று கேட்கும்போதும், முதன்மைத் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் காரணம் கேட்டு எழுதச் சொல்லும்போதும் இந்த உறவின்மைதான் காலை வாருகிறது. பட்டியல்களோ மாறிக்கொண்டே இருக்கின்றன. தமிழ்நாட்டின் ராம்சார் தலங்கள் 2025-இல் இருபது ஆயின, 2021 வரை அது ஒன்றுதான். மலையின் மீது காற்று ஏறினால் குளிரும் என்பது மட்டும் எந்த ஆண்டிலும் மாறுவதில்லை.

ஆகவே நான் பாடத்தைப் பாடநூலின் வரிசையில் தொடங்குவதில்லை. இந்திய வரைபடத்தில் 13 பாகை வட அட்சக்கோட்டை அடிக்கோலால் வரையச் சொல்கிறேன். மேற்கே மங்களூர், பிறகு ஹாசன், பெங்களூர், கோலார், வேலூர், கிழக்கே சென்னை என்று இவை எல்லாம் அந்தக் கோட்டின் மீதோ அதை ஒட்டியோதான் இருக்கின்றன. கடலிலிருந்து கடல்வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 590 கிலோமீட்டர். பெங்களூர் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது. இந்த ஒரு கோட்டை ஒழுங்காக விளக்கத் தெரிந்தவருக்கு இயற்கைப் புவியியலில் பாதிக்குமேல் வந்துவிட்டது என்பது என் கட்சி.

முதலில் சூரியன். அட்சக்கோடு ஒன்றே என்பதால் இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் நண்பகல் சூரியனின் உயரம் ஆண்டின் எந்த நாளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். சூரியன் கடகக் கோட்டை நோக்கி வடக்கே நகரும்போது ஏப்ரல் 24, 25 வாக்கிலும், திரும்பி வரும்போது ஆகஸ்ட் 18 வாக்கிலும் இந்தக் கோட்டின் உச்சிக்கு நேர் மேலே நிற்கிறது. அன்று நட்டு வைத்த கம்புக்கு நண்பகலில் நிழல் விழாது. டெல்லி 28 பாகைக்கும் வடக்கே, கடகக் கோட்டுக்கு அப்பால் இருப்பதால் அங்கே நிழலில்லா நாள் என்பதே கிடையாது. மாடியில் கம்பை நட்டு வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னால் இன்னொரு பாடமும் கிடைக்கிறது. நிழல் மறைவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல, 12.17 வாக்கில். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. பெங்களூர் 77.6 பாகையில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய இருபது நிமிடம் தாமதம் வரும். புவியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் ஏப்ரல் பிற்பகுதியில் சூரியன் கடிகாரத்தைவிட இரண்டு நிமிடம் முந்தி நிற்கிறது. அதைக் கழித்தால் கணக்கு பொருந்திவிடுகிறது. அதே நாளில் சென்னையில் நிழல் மறையும் நேரம் என்ன என்று கேட்டால், தீர்க்கக்கோட்டை மனப்பாடம் செய்தவர் விழிப்பார். கணக்கைப் புரிந்துகொண்டவர் 12.07 என்று சொல்லிவிடுவார்.

அடுத்த கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். உச்சியில் ஒரே சூரியன் நிற்க, மே மாதத்தில் சென்னை வேகிறது, பெங்களூர் ஏன் அவ்வளவு வேகவில்லை? பெங்களூரின் உயரம் 900 மீட்டருக்குச் சற்று மேல். ஆயிரம் மீட்டருக்கு 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது என்ற பாடநூல் விதியைப் போட்டால் ஏறக்குறைய ஆறு பாகை வித்தியாசம் வருகிறது; உண்மையிலும் அதற்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அந்த வீதம் தரையைத் தொடாத திறந்த வளிமண்டலத்தில் பெறப்பட்ட சராசரி. பீடபூமியோ தானே வெயிலில் காய்ந்து தன் மேலுள்ள காற்றைச் சூடாக்கும் தரை. எனவே கணக்குப் பொருந்துகிறது என்பதோடு நிறுத்தாமல், பகலும் இரவும் எப்படி வேறுபடுகின்றன என்றும் பார்க்க வேண்டும். டிசம்பர் இரவில் பெங்களூர் 16 பாகை அளவுக்கு இறங்கும்போது சென்னை 22-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. அங்கே கடல் இரவின் குளிரைத் தடுக்கிறது. வேலூரை எடுத்துக்கொண்டால் இரண்டு காரணங்களும் கைவிட்டுவிடுகின்றன. 200 மீட்டர் சொச்சம் உயரம் என்பதால் பீடபூமியின் குளிர்ச்சி இல்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருப்பதால் கடற்காற்றும் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. போதாக்குறைக்குப் பீடபூமியிலிருந்து கீழே இறங்கும் மேலைக்காற்று அழுத்தத்தால் மேலும் சூடேறுகிறது. வேலூர் வெயிலைப் பற்றிய பழைய நகைச்சுவைகளை எங்கள் குழுவில் உள்ள வேலூர்ப் பையன் கோபத்தோடுதான் கேட்பான். இப்போது அவனிடம் பதில் சொல்ல இயற்பியல் இருக்கிறது.

மழைதான் இந்தக் கோட்டின் உயிர். தென்னரைக்கோளத்தின் தென்கிழக்கு வணிகக்காற்று புவிநடுக்கோட்டைக் கடந்ததும், புவியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகி அரபிக்கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. இந்த அட்சக்கோட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பு கடற்கரையிலிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர் தொலைவில் சுவராக எழுகிறது. சற்று வடக்கே குதிரேமுக் சிகரம் 1,890 மீட்டரை ஒட்டிய உயரம். ஏறும் காற்று விரிந்து குளிர்ந்து ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மங்களூரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல். மலை மீதுள்ள ஆகும்பேயில் 7,000-ஐயும் தாண்டுகிறது. மலையைத் தாண்டி ஹாசனுக்கு வந்தால் அது 1,000 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஈரத்தை இழந்த காற்று இறங்கும்போது சூடேறுவதால், மீந்த ஈரமும் மேகமாகத் திரளுவதில்லை. மழை மறைவுப் பிரதேசம் என்று பாடநூலில் ஒரு வரியாகப் படித்தது இதுதான். ரயிலில் சுப்பிரமணியா ரோட்டிலிருந்து சகலேஷ்பூர் வரை ஏறி, பிறகு ஹாசனுக்கு இறங்கிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பசுமை எங்கே குறையத் தொடங்குகிறது என்பதைச் சன்னலே காட்டிவிடும்.

மழை மண்ணையும் செய்கிறது என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். மங்களூர்ப் பக்கம் பெருமழையும் அதைத் தொடரும் வறண்ட மாதங்களும் மாறி மாறி வருவதால், கரையக்கூடிய தாதுக்கள் எல்லாம் அரித்துக் கீழிறங்கி, இரும்பும் அலுமினியமும் மேலே தங்கிச் செம்புரைப் பாறை ஆகிவிடுகிறது. அதை ஈரமாக இருக்கும்போது செங்கல் வடிவில் வெட்டி எடுத்து வீடு கட்டுகிறார்கள். அதே வட்டாரத்தில் நேத்ராவதி, குருபுரா ஆறுகள் படியவைத்த களிமண்ணிலிருந்துதான் நம் தாத்தா காலத்து வீடுகளின் மங்களூர் ஓடுகள் வந்தன. மலைக்குக் கிழக்கே மழை குறைவு என்பதால் அரிப்பும் அந்த அளவுக்கு முற்றவில்லை. பெங்களூரிலும் கோலாரிலும் இருப்பது கேழ்வரகு விளையும் செம்மண். நிறம் இரண்டிலும் சிவப்புதான், காரணமும் இரும்புதான். ஆனால் ஒன்று மற்றொன்று அல்ல. முதல்நிலைத் தேர்வில் ஏமாற்றுவதற்கென்றே வைக்கப்படும் கூற்று இந்த இடத்தில்தான் பதுங்கியிருக்கும்.

பெங்களூருக்கு மழை எப்போது வருகிறது என்பதும் தனிக் கதை. மேற்கே ஜூன், ஜூலை. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது ஆண்டு மழையாகிய ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில். நடுவில் உள்ள பெங்களூருக்கு இரண்டும் முழுதாகக் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக மே மாதத்தில் ஒரு முகடு, செப்டம்பர், அக்டோபரில் ஒரு முகடு என்று இருமுறை மழை உயர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தரை சூடேறி, பிற்பகலில் மேகம் திரண்டு, மாலையில் இடியோடு கொட்டும் வெப்பச்சலன மழைதான் மாஞ்சாரல். பருவக்காற்று பலமாக வீசும் ஜூலையில் காற்றும் தூறலும் இருக்குமே தவிர பெருமழை குறைவு. அது தளரும் செப்டம்பரில் மறுபடியும் இடிமழை வலுக்கிறது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர்ப் பகுதியும் வெள்ளத்தில் மிதந்தது இந்த இரண்டாம் முகட்டில்தான்.

அந்த வெள்ளத்துக்கும், 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரம் லாரித் தண்ணீருக்கு அலைந்ததற்கும் வேர் ஒன்றே என்பதை விளக்க நான் லால்பாக்குக்குக் கூட்டிப் போவேன். அங்குள்ள பாறைக் குன்று தீபகற்ப நைஸ் என்னும் உருமாறிய பாறை. வயது 300 கோடி ஆண்டுகளுக்கு மேல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. உச்சியில் கெம்பே கவுடா கோபுரம் நிற்பதால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பாறையை யாரும் பார்ப்பதில்லை. கறுப்பும் வெளுப்புமாக மடிந்து ஓடும் பட்டைகள், வெங்காயத் தோலைப் போல மேல்தகடு உரியும் இடம், பிளவுகளில் வேர் விட்ட செடி என்று பாறைச் சிதைவின் வகைகள் அத்தனையும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மேற்கே ராமநகராவின் குன்றுகள் இதைவிட இளையவை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு உள்ளே புகுந்து உறைந்த கிரானைட். இமயமலை எழத் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுதான் ஆகிறது என்று பக்கத்தில் எழுதினால், புவியியல் காலம் என்பதன் அளவு பிடிபடும்.

இந்தப் பாறைக்குள் இயல்பான துளைகள் இல்லை. கங்கைச் சமவெளி வண்டலில் மணலுக்கு மணல் இடைவெளியில் நீர் நிற்கிறது. இங்கோ மேலே சிதைந்த மண்ணடுக்கிலும், அடியில் உள்ள விரிசல்களிலும் மட்டுமே நிற்க முடியும். விரிசல் இருந்தால் நீர் உண்டு, பத்தடி தள்ளித் துளைத்தால் புழுதிதான். ஆகவே மேலடுக்குதான் சேமிப்பு. அதைச் சிமென்ட்டால் மூடினால் மழை உள்ளே இறங்காமல் சாலையில் ஓடுகிறது, அடுத்த கோடையில் கிணற்றில் நீர் இருப்பதில்லை. 2023-இன் பருவமழை, பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் பொய்த்தது என்பது உண்மை. ஆனால் முழுப் பழியையும் பசிபிக் பெருங்கடல் மீது போடும் விடைத்தாளுக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

பெங்களூரை நடுவில் பிளந்து செல்லும் மேட்டைப் பற்றிச் சொல்லும்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்த ஊர் ஒரு நீர்ப்பிரிமேட்டின் மீது அமர்ந்திருக்கிறது. மேட்டுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து, சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. கிழக்கே விழுவது ஹெப்பால் பள்ளத்தாக்கு வழியாகவும், கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்குப் போயும், தென்பெண்ணையில் இறங்குகிறது. தென்பெண்ணை ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து கடலூருக்கு அருகே வங்காள விரிகுடாவை அடைகிறது. எங்கள் மாடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், திருவள்ளுவர் சிலை நிற்கும் அல்சூர் ஏரியின் மறுகாலும் கிழக்கு வழியைச் சேர்ந்ததுதான்.

கடலூரிலிருந்து வந்திருந்த பெண் ஒருமுறை கேட்டாள்: "சார், அப்போ இந்த ஏரித் தண்ணிதான் எங்க ஊர் ஆத்துக்கு வருதா?" ஆமாம் என்று உடனே சொல்லிவிட முடியாது. நடுவில் மூன்று அணைகள் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் கடலூர்ப் பக்கம் தென்பெண்ணை மணல்தான். ஆனால் ஓசூரில் இருப்பவர் கேட்டால் தயங்காமல் ஆமாம் என்று சொல்லலாம். கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கும்போது ஆறு நிறைய வெண்ணுரை பொங்கி வருவதை ஓசூர் விவசாயிகள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். சோப்புத்தூளில் உள்ள நுரைப்பான்கள் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரோடு ஏரிக்குள் வருகின்றன. மதகில் நீர் விழுந்து அடிபடும்போது காற்று கலந்து நுரையாகிறது. கழிவுநீரில் உள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் ஏரியை மிகையூட்டமுறச் செய்கின்றன. ஆகாயத்தாமரை மூடுகிறது, மக்கும் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன, மீன் செத்து மிதக்கிறது. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் நடந்தது அதுதான். பெல்லந்தூர் ஏரியில் 2015-இலும் 2017-இலும் தீயே பற்றியது. நீர் எரியாது, மேலே படிந்த எண்ணெய், கரையோரக் குப்பை, காய்ந்த ஆகாயத்தாமரை, ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் உருவாகும் மீத்தேன் ஆகியவற்றை எழுதி, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு, உயர்ந்தால் என்ன ஆகும் என்பதோடு சேர்த்து விளக்கினால் அது சுற்றுச்சூழல் பகுதிக்கு முழுமையான விடை.

அந்த ஆறு ஆட்சியியலையும் இழுத்து வருகிறது. சென்னை மாகாணமும் மைசூரும் 1892-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தென்பெண்ணையும் பாலாறும் உண்டு. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் போனது. அரசமைப்பின் 262-ஆம் உறுப்பும் 1956-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே நதிநீர்த் தகராறுச் சட்டமும் அப்போதுதான் பிள்ளைகளுக்கு உயிருள்ள விஷயமாகத் தெரிகின்றன. அதே 2018 முதல் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் ஏற்றிக் கோலார் மாவட்ட ஏரிகளை நிரப்புகிறார்கள். வறண்ட கோலாரில் நிலத்தடி நீர் ஏறியது என்று ஒரு சாராரும், இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள். இரண்டையும் எழுதத் தெரிய வேண்டும். என் சாய்வு இரண்டாவது சாராரின் பக்கம். விரிசல் பாறையில் இறங்கிய மாசை வெளியே எடுப்பது மிகக் கடினம். இதற்கிடையே, தென்மேற்கே காவிரியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் அளவுக்கு மேலேற்றி நகரம் குடிநீர் எடுக்கிறது. குளிர்ச்சியைக் கொடுத்த அதே உயரம் மின்கட்டணத்தை வாங்கிக்கொள்கிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது இந்தக் கோடு முழுவதும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தியது. பெங்களூரில் இரண்டு நாள் சூரியனைக் காணோம், சில்லென்ற தூறல். பீடபூமிக்குக் கீழே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அந்த நீர் தென்பெண்ணையில் சேர, சாத்தனூர் அணை திறக்கப்பட்டு விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. கரை கடந்த புயல் வலுவிழந்தாலும் நகராமல் நின்றால் உள்நாட்டில் எவ்வளவு கொட்டும் என்பதைப் பேரிடர் மேலாண்மைப் பகுதியில் எழுத இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் தேடுவதில்லை.

கோட்டின் இரு முனைகளும் கடற்கரைகள் என்பதால் கடலோர நிலவடிவங்களையும் இதிலேயே முடித்துவிடலாம். மங்களூரில் நேத்ராவதியும் குருபுராவும் ஒரே முகத்துவாரத்தில் கடலில் சேருகின்றன. அங்கே மணல்நாக்கு நீண்டிருக்கிறது, தெற்கே உள்ளாலில் பருவமழைக் காலத்தில் கடல் வீடுகளை அரிக்கிறது. சென்னையில் அலைகள் கரையோர மணலை ஆண்டின் நிகரக் கணக்கில் வடக்கே தள்ளுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் தடுப்புச்சுவர் அந்த மணலை மறித்ததும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம், காசிமேடு கரைகள் அரிக்கப்பட்டன. மெரினாவில் சுண்டல் தின்றவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் மாடியில் கை உயர்வதில்லை.

இந்தக் கோட்டில் இல்லாதவையும் உண்டு. பனியாறு இல்லை, பாலைவன மணற்குன்று இல்லை, சுண்ணாம்புக்கல் குகை இல்லை, எரிமலையும் இல்லை. அவற்றுக்கு லடாக், தார், மேகாலயா, பாரன் தீவு என்று வேறு வரைபடங்களை விரிக்கிறோம். காரணத்தைக் கேட்கப் பழகியவர்கள் என்பதால் அந்தப் பாடங்கள் வேகமாகவே ஓடுகின்றன. பெருங்கடல் நீரோட்டங்களுக்கு மட்டும் கூடுதலாகச் சில ஞாயிறுகள் ஆகிவிடுகின்றன.